மாமாவை இருபது தடவை தூக்கியவர்

இந்த இனத்தை அடையாளம் காண நீங்கள் ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. ஒரு நாற்காலி போதும். மற்ற மனிதர்கள் நாற்காலியைக் கண்டால் உட்காருவார்கள், இவர் யோசிப்பார். முதலில் அதன் உயரத்தைக் கண்ணால் அளப்பார், பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்று, லாரியைப் பின்னுக்கு எடுக்கிறவர் மாதிரி தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்து, பக்கத்து மேசையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்கி, கடைசி நாலு விரற்கடையில் மூச்சையும் நம்பிக்கையையும் ஒருசேர விட்டுத் தொப்பென்று விழுவார். நீங்கள் பதறிப்போய், "என்ன சார், ஆபரேஷனா?" என்று கேட்டீர்களோ, போச்சு. அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருக்கிறார். "அதெல்லாம் இல்ல சார். டெட்லிஃப்ட். ஹை ரெப்ஸ். இப்ப ரெக்கவரில இருக்கேன்" என்பார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு முனையிலும் இரும்புத் தட்டுகள் மாட்டிய ஒரு கம்பி தரையில் கிடக்கும். அதைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நின்று, மறுபடியும் அதே இடத்தில் வைக்க வேண்டும். இதற்குப் பெயர் டெட்லிஃப்ட்; ஒரு தடவை தூக்கி வைத்தால் ஒரு ரெப், விடாமல் பல தடவை என்றால் ஹை ரெப்ஸ். கம்பி எங்கும் போகாது, எதுவும் கட்டப்படாது, யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. ஒரு தடவை செய்தால் அது பலம். இருபது தடவை செய்தால் பக்தி. அதற்கு மேல் செய்தால் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு தடவை கம்பியைக் கீழே வைத்ததும் "இன்னொண்ணு!" என்று தனக்குத் தானே கத்திக்கொள்வார் என்பதால் அவருக்கு இன்னொண்ணு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பார்சல் ஆபீஸில் கனமானதைத் தூக்கினால் சம்பளம் கொடுக்கிறார்கள்; அங்கே அவர் தூக்குவதில்லை. ஜிம்மில் கனமானதைத் தூக்கினால் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே ஓடி ஓடித் தூக்குகிறார். இதில் உள்ள நியாயம் நமக்குப் பிடிபடாது. ஒருநாள் மேனேஜர், "அந்த ஃபேன் பெட்டியை இந்தப் பக்கம் வைங்க" என்றார். இன்னொண்ணு பெட்டியைப் பார்த்தார், தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். "சார், மசில் இப்பதான் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு. நடுவுல கலைச்சா எல்லாம் வேஸ்ட்" என்றார். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியை அவரே எடுத்து வைத்தார்.

ரெக்கவரி என்றால் சும்மா படுத்திருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா படுத்திருக்க உங்களுக்கும் தெரியும். துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, அதில் இறங்கி உட்கார்ந்து, "சுகமா இருக்கு, சுகமா இருக்கு" என்று அழுகிற குரலில் சொல்ல வேண்டும். பிறகு ஒரு ரப்பர் உருளையைத் தரையில் போட்டு, அதன் மேல் தொடையை வைத்து முன்னும் பின்னும் உருள வேண்டும்; அப்போது எழும் முனகலைக் கேட்டு, யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு வாழைப்பழம். பிறகு முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள் யாருக்கு? வேறு யாருக்கு, வீட்டில் மற்றவர்களுக்குத்தான். பிறகு தூக்கம். அவர் தூங்கும்போது யாரும் மிக்ஸி போடக்கூடாது, ஏனென்றால் தசை வளர்கிற நேரம் அது. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். "ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கறேன். என் வீட்டு வியாதிக்கு மட்டும் பேரே தெரியல" என்பாள். சொல்லிக்கொண்டே முதுகுக்குத் தைலமும் தேய்த்துவிடுவாள். நல்லவள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த இனத்துக்குக் கெட்ட மனசு கிடையாது. இன்னொண்ணுவுக்குத் தன் மாமனார் மேல் உயிர்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒரு காலத்தில் மலைப்பாதையில், பயணிகள் கண்ணை இறுக்க மூடிக்கொள்ள, ஒற்றைக் கையால் பஸ்ஸை இறக்கியவர். முழங்காலில் ஆபரேஷன் செய்து, மகள் வீடு இருக்கிற, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஆஸ்பத்திரி ஆட்கள் தூக்கி வந்து விட்டதோடு சரி. கால் தேறிவிட்டது, தாராளமாக இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு தடவை இறங்கியும் பார்த்தார். இரண்டு படி இறங்குவதற்குள் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து படி என்றாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். தெருவைப் பால்கனியிலிருந்து பார்ப்பதோடு சரி. "டேய், சிக்னல் போடாம திருப்பாதடா!" என்று மேலிருந்து கத்துவார். கீழே ஒருவருக்கும் கேட்காது.

அவருக்காகவே இன்னொண்ணுவின் மனைவி தேடி அலைந்து தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை குடிபோக வேண்டும். சாயங்காலம் இந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிடும். சாமான்களை இறக்க லாரி ஆட்கள் இருக்கிறார்கள். அப்பாவை இறக்குவது எப்படி?

"அவங்களையே நாற்காலியோட தூக்கச் சொல்லிடலாம்பா" என்றாள்.

"கண்டவன் தோள்ல ஏறி இறங்க நான் என்ன பீரோவா?" என்றார் அவர். சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். பார்த்த பார்வையில் நம்பிக்கையும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

"மாமா, நான் எதுக்கு இருக்கேன்? உங்களை நான் தூக்கிட்டுப் போறேன். என் கம்பியில பாதி இருப்பீங்களா நீங்க?" என்றார் இன்னொண்ணு.

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதர் மறுபடியும் தெருவில் கால் வைப்பது அந்த நிமிஷத்திலிருந்து இன்னொண்ணுவின் இடுப்பை நம்பி இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்த் தூக்கியிருப்பார்கள். நம்மவர் பயிற்சியைத் தொடங்கினார். மூன்று மாடி என்பது ஒரே தூக்கில் முடிகிற காரியமில்லை, திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைத்து மறுபடி தூக்க வேண்டும், ஆகையால் இது பலத்தைச் சேர்ந்ததல்ல, தாக்குப்பிடிப்பைச் சேர்ந்தது, ஆகையால் இதற்கு ஹை ரெப்ஸ்தான் மருந்து என்று ஜிம் மாஸ்டரும் அவரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மாமனாரை எடை மிஷினில் நிறுத்தினார். அதே எடைக்குக் கம்பியில் தட்டுகளை மாட்டினார். அந்தக் கம்பிக்கு மாமா என்று பெயரும் வைத்தார்.

அதன் பிறகு அந்த ஜிம்மில் கேட்ட பேச்சுகளை வெளியார் கேட்டிருந்தால் போலீஸ் வந்திருக்கும். "மாமாவைத் தரையில மெதுவா வைப்பா!" "மாமா மேல யாரு வேர்வைத் துண்டைப் போட்டது?" ஒருநாள் பார்சல் ஆபீஸில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இன்னொண்ணு போனில் மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னிக்கு மாமாவை இருபது தடவை தூக்கினேன் மாஸ்டர். கடைசில கை நழுவி டமார்னு விழுந்துட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல, தரைதான் விரிசல் விட்டுருச்சு." வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கொடுத்த பார்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமனாருக்கோ இதில் ஏகப்பட்ட பெருமை. சாயங்காலம் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததும் விசாரிப்பார்.

"இன்னிக்கு நான் எத்தனை தடவை மேல வந்தேன் மாப்பிள்ளை?"

"இருபது மாமா."

"ரொம்பச் சிரமம் கொடுத்தேனா?"

"கடைசில கொஞ்சம் கனத்தீங்க."

"மத்தியானம் ரெண்டாவது தடவை சாதம் போட்டுக்கிட்டேன். அதான்" என்று குற்றவுணர்ச்சியோடு சொல்வார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து கம்பியைத் தொடவே கூடாது, முழு ஓய்வு என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமனார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லாதது போன்ற குரலில், "கீழ போட்டுட மாட்டீங்களே மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

பயந்த மனுஷர் கேட்டது. "மாட்டேன் மாமா" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இந்த இனத்துக்குச் சந்தேகம் வந்தால் போக்கிக்கொள்ள ஒரே வழிதான் தெரியும். "ஒரு டெஸ்ட் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இதுதான்.

இருபது தடவை தூக்கினார். கீழே போடவில்லை. அத்தோடு வந்திருக்கலாமே? "இன்னொண்ணு!" என்றார். திருப்பத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, ரோடு தாண்ட ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போனார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? எண்ணிக்கொண்டிருந்தவன் எப்போதும் இடுப்பில் தோல் பெல்ட்டோடு திரிவதால் பெல்ட்டு என்று அழைக்கப்படும் ஒரு இளைஞன். அவன் உணர்ச்சிவசப்பட்டு, "அண்ணே, உங்க மாமா எனக்கும் மாமாதான்" என்று தானும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டான். ஒருவர் தூக்கும்போது இன்னொருவர் வேடிக்கை பார்ப்பது அந்த ஜிம்மில் மரியாதைக் குறைவு. ஆகவே, முழு ஓய்வு என்று சொன்ன மாஸ்டரும் தூக்கினார். அப்புறம் எண்ணுவதற்கு ஆளில்லை. எத்தனை என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலையில் இன்னொண்ணு துள்ளி எழுந்தார். வலியே இல்லை. "பாத்தியா, உடம்பு பழகிருச்சு!" என்று மனைவி முன்னால் இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்து காட்டினார். வலியைப் பற்றி இத்தனை வருஷம் படித்தவர், பேசியவர், அதன் முக்கியமான குணத்தை மறந்துவிட்டார். அது உடனே வராது. ஆற அமர, மூட்டை முடிச்சோடு, தங்குகிற உத்தேசத்தில்தான் வந்து சேரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தது.

கண் திறந்தது. வேறெதுவும் அசையவில்லை. கட்டிலிலிருந்து உருண்டு தரைக்கு வந்து, தரையிலிருந்து அலமாரியைப் பிடித்து ஏறலாம் என்று பார்த்தால் அலமாரி இல்லை; லாரி ஆட்கள் விடிகாலையிலேயே எடுத்துப் போய்விட்டார்கள். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, தரையில என்ன பண்றீங்க?"

"ஸ்ட்ரெச்சிங்."

அவள் உள்ளே வந்து அவர் பக்கத்தில் குந்தினாள். பிறகு தாழ்ந்த குரலில், "அப்பா விடியறதுக்கு முன்னாடியே ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவர்கிட்ட போய் நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் அவரைக் குத்தியது.

காலி வீட்டில், வாசல் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அதில் புதுச் செருப்போடு மாமனார். இன்னொண்ணு சுவரோடு சுவராக வந்து சேர்ந்தார். சொல்வதைவிடத் தூக்கிவிடுவது மேல் என்று துணிந்து குனிந்தார். குனிந்தது உண்மை. நாற்காலிக் கால்களைப் பிடித்ததும் உண்மை. அதற்கு மேல் படம் நின்றுவிட்டது.

"கொஞ்சம் இருங்க மாமா" என்றார் தரையைப் பார்த்தபடி.

"நான் இருக்கேன். நீங்க நிமிருங்க" என்றார் மாமனார்.

மனைவிதான் பிடித்து நிமிர்த்தினாள். நிமிர்ந்ததும் செய்த முதல் காரியம், மாஸ்டருக்கும் பெல்ட்டுவுக்கும் போன் போட்டது. "உடனே வாங்க, மாமாவைத் தூக்கணும்." இரண்டு பேரும், "இதோ வந்தாச்சு" என்றார்கள். அவர்களும் அதே வெள்ளிக்கிழமையைச் சேர்ந்தவர்கள் என்பது போனில் தெரியாதல்லவா?

கைப்பிடிக் கம்பியைக் கிணற்றுக் கயிறு மாதிரி இழுத்து இழுத்து இருவரும் மேலே வந்துசேர்ந்தார்கள். மூன்று பலசாலிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்களுமா மாஸ்டர்?" என்றார் இன்னொண்ணு.

"ஏறறதுக்குப் பரவால்ல தம்பி. இறங்கறதை நெனச்சாத்தான்" என்றார் மாஸ்டர்.

இவர்களால் ஆகாது, கீழே போய் லாரி ஆட்களை அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. "நான் வேணாங்கறேன்ல!" என்று மாமனார் கத்தியதை யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் முதல் படியில் காலை வைத்ததும் தொடை கிடுகிடுத்தது. பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி இறங்கினார். பெல்ட்டு அதைவிட நல்ல வழி கண்டுபிடித்தான்: பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல இறங்கினால் வலி பாதிதான். அவன் பின்பக்கமாக வந்த வேகத்தில் முதல் திருப்பத்தில் மாஸ்டர் மேல் மோதினான். இரண்டு அகன்ற முதுகுகள், ஒரு குறுகலான படிக்கட்டு. அடைத்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. தெருவில் லாரிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்.

அந்த ஹாரன் சத்தத்தில் மாமனார் எழுந்து நின்றார்.

முப்பது வருஷப் பழக்கம். பாதையில் அடைப்பு, பின்னால் ஹாரன். உட்கார்ந்திருக்க முடியுமா? வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "டேய் பெல்ட்டு, அப்படியே ஹோல்டான்! மாஸ்டர், நீங்க ரைட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. வரட்டும், வரட்டும்... மாப்பிள்ளை, நீங்க ஏன் முன்னாடி நின்னு மறைக்கறீங்க? இறங்குங்க!"

இன்னொண்ணு, பெல்ட்டு காட்டிய வழியில், மாமனாருக்கு முகத்தைக் காட்டியபடி பின்பக்கமாக ஒரு படி இறங்கினார். திருப்பம் சரியாகத் தெரியவில்லை என்று மாமனாரும் ஒரு படி இறங்கினார். பிடிக்க வாகாக எதிரில் மாப்பிள்ளையின் தோள் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் முழுக்கக் கீழே அடைபட்டுக் கிடந்தவர்கள் மேல். "ஸ்டெடியா போ! ஸ்டெடியா!" அவர்கள் ஒரு படி, இவர் ஒரு படி. மேலே நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு சத்தம் போட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் கிழவருக்குத் தான் நிற்கும் இடம் உறைத்தது. கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, நான் எங்க இருக்கேன்?"

"பாதியில மாமா."

"என்னைப் பிடிச்சிருக்கீங்கல்ல?"

வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொண்ணு தன் பலத்தைப் பற்றி உண்மை பேசினார். "இல்ல மாமா. நீங்கதான் என்னைப் பிடிச்சிருக்கீங்க. விட்டுறாதீங்க, நான் விழுந்துருவேன்."

கிழவர் அவர் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஆள் ஏறிவிட்டால் டிரைவர் பயப்பட முடியாது. அது தொழில் தர்மம். கால் அடுத்த படிக்கு நகர்ந்தது. தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "பயப்படாதீங்க. நான் இருக்கேன். போலாம் ரைட்!" என்றார்.

தெருவில் கால் வைத்ததும் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்றார். மகள் இறங்கி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொண்ணுவுக்கும் அழுகை வந்தது, ஆனால் குலுங்கினால் விலாவில் வலிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்டர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"மாஸ்டர், இது ஒரு ரெப்பா கணக்குக்கு வருமா?"

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முதுகு முழுசா நிமிரலையே தம்பி. செல்லாது."

திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். திங்கட்கிழமை பார்சல் ஆபீஸில் மேனேஜர் ஒரு பெட்டியைக் காட்டினார். "சார், நேத்து மாமாவை மூணு மாடி இறக்கியிருக்கேன். இப்ப ரெக்கவரில இருக்கேன்" என்றார் இன்னொண்ணு. மாமனார் மட்டும் இப்போது தினமும் தெருமுனை வரை நடந்துபோய், சிக்னல் போடாமல் திருப்புகிறவர்களை நேரிலேயே திட்டிவிட்டு வருகிறார். அவர்களுக்குக் கேட்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஜிம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, நமக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற தைரியம். இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதற்காகத் திட்டம் போட்டீர்கள், சாமான் வாங்கினீர்கள், நாலு பேரிடம் விளக்கினீர்கள், அதற்குள் களைத்துப்போய், தெம்பு வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று சற்றே சாய்ந்து, கையில் கிடைத்ததைப் படிக்க ஆரம்பித்தீர்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. இரண்டு தடவையும் "இதோ, ஒரு நிமிஷம்" என்று சொன்னது யார்?